தில் மாமாவின் தண்ணீர்ப் போத்தல்

பலெர்மோ
14 பெப்ரவரி

அன்பு மகள் தயானிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ சுகமாக இருப்பதை அம்மாவின் போனில் காது வைத்துத்தான் அறிகிறேன், தீபாவளிக்குப் பிறகு நீ என்னோடு கதைப்பதில்லை. சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. தில் மாமா இறந்துவிட்டார். போர்கோ வெக்கியோவில் அவர் காவல் பார்த்த கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டதென்று திங்கட்கிழமை என்னைத்தான் கூப்பிட்டார்கள், போனால் அவருடைய அறை உள்பக்கமாகப் பூட்டிக் கிடந்தது, பூட்டை நானே கழற்றினேன். மாரடைப்பு, இரண்டு நாளாகியிருக்கும் என்றார் டொக்டர். மேசையில் நீ வாங்கிக் கொடுத்த கொப்பி, முழுக்க நேபாளிக் கவிதை.

அவர் இந்திய இராணுவத்தின் கூர்க்காப் படையில் இருந்தவர் என்று எங்களுக்குத் தெரியும், எங்கே சண்டை பிடித்தவர் என்று நான் கேட்டதில்லை. அவருடைய கூட்டாளி கிஷோர் ஒரு பக்கத்தை இத்தாலியனில் வாசித்துக் காட்டினான். எண்பத்தேழாம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கை. தாகம் என்று கை காட்டிய இருபது வயதுச் சிப்பாய்க்கு ஒரு பெண் படலையைத் திறந்து செம்பில் தண்ணீர் கொடுக்கிறாள், குடித்து முடியமுதல் எங்கோ வெடிச்சத்தம், பயத்தில் அவன் சுட்டதில் அவளே விழுகிறாள். “செம்பை அவள் விடவில்லை. அந்தக் கையிடம் இனி நான் தண்ணீர் கேட்கமாட்டேன்” என்று முடித்திருக்கிறார்.

ஆறு வருசம் எங்கள் வீட்டில் சோறு தின்றவர், அம்மா தண்ணீர் ஊற்றினால் மட்டும் அதைத் தொடாமல் தன் போத்தலை எடுப்பார். சாதித் தடிப்பு என்று நான் முடிவு கட்டினேன், எங்கள் ஆட்களிடம் பார்த்துப் பழகிய புத்தி. “எங்கடை தண்ணி உமக்குத் தீட்டோ?” என்று தீபாவளியன்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். நீ பழக்கிய தமிழில் அவருக்கு அது விளங்கியது, எழும்பிப் போனவர் பிறகு வரவில்லை. லிப்டில் பிழை என்றால் அளந்து பார்க்காமல் கை வைக்கமாட்டேன், மனிதரிடம் அந்தப் பொறுமை எனக்கில்லை. ஆனால் அவர் சுட்டது சுட்டதுதான், அதை மன்னிக்க நான் ஆளில்லை, என் மாமி ஒருத்தியும் அந்த வருசம்தான் செத்தவ.

நேற்று பிரேதம் பார்க்கப் போனோம். சொந்தக்காரர் யாராவது வாயில் தண்ணீர் விடவேண்டும் என்று கிஷோர் சொன்னான். கவிதையைப் பற்றி அறியாத அம்மா முந்திக்கொண்டு போய்த் தன் கையால் விட்டா. தடுக்க நினைத்தேன், தடுக்கவில்லை. தண்ணீர் உள்ளே இறங்காமல் கன்னத்தால் வழிந்தது.

கொப்பியைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பக்கங்களைப் படமெடுத்துக் கிஷோருக்கு அனுப்பி, அவனிடம் போனில் கேட்டு, நீ அவருக்கு வாக்குக் கொடுத்தபடியே இத்தாலியனில் மாற்று, அந்தப் பக்கத்தை விட்டுவிடாதே. தொரினோக் குளிருக்குத் தொப்பி போடு. கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும். உன் அறைப் பூட்டின் திறப்பு ஒன்றைப் பக்கத்து அறைப் பிள்ளையிடம் கொடுத்து வை. என்னோடு கதைக்க மனம் வராவிட்டால், கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடமாவது சொல்லு.

உன் அப்பா,
கௌசிகன்