ஒரு கைக்கு ஒரு வாட்ச்

குவைத்
12.6.2005

மாமாவுக்கு அஞ்சலாட்சி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் நலத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. விசாரித்தால் பொய்தான் வரும்.

உப்பளத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, வானூர் தாலுகா ஆபீசுக்குப் போக ஒன்று என்று மூன்று வாட்ச் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு இடது கை. அதனால் ஒன்றுதான் வாங்கினேன். தோல் வார் உப்புத் தண்ணீரில் ஊறி நாறும், தங்க முலாம் ஒரே மாதத்தில் இளித்துவிடும். இது ஸ்டீல் செயின். இதோடு பாத்தியிலும் இறங்கலாம், அலசித் துடைத்துவிட்டுப் பந்தியிலும் உட்காரலாம். குறை சொல்வதாக இருந்தால் என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்.

மணிக்கட்டில் சுற்றி அளந்து நீங்கள் அனுப்பிய நூலைக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் செயினிலிருந்து நான்கு கண்ணிகளைக் கழற்றிவிட்டு, “ஸ்கூல் படிக்கிற பையனுக்காம்மா?” என்று கேட்டார். நான் கிளம்பும்போது அந்தக் கைக்கு என் வளையல் பாதிகூட ஏறாது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று மாதாமாதம் எழுதியதும் அந்தக் கைதானே? வெட்கமாக இல்லை?

என்னோடு வேலை செய்யும் ரேகா லீவில் வருகிறாள், வாட்சைக் கொடுப்பாள். திரும்பும்போது அவளிடம் ஒரு டப்பா வடகம் கொடுத்தனுப்புங்கள். நான் வைக்கும் குழம்பு எனக்கே இறங்கவில்லை. வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது, ரேகா கூப்பிடுகிறாள்.

கழற்றிய நான்கு கண்ணிகளும் வாட்ச் பெட்டியில் இருக்கின்றன. பொங்கலுக்கு நான் வரும்போது நான்கும் செயினில் ஏறியிருக்க வேண்டும்.

அஞ்சலாட்சி