விசிறிக்குக் கீழே ஒரு சத்தம்

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் பனி. ஜன்னலில் மலை தெரியவில்லை. லேப்டாப் மறுபடியும் கொரகொர.

மாடியில் குடியிருந்த ஜெர்மன்காரி ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கிழடு. பேட்டரி செத்து இரண்டு வருடம். பிளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடும். என் ஆராய்ச்சி மொத்தமும் அதற்குள்தான். மாதக் கடைசியில் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது.

ஆறு வருடமாக நான் சேர்த்ததே சத்தங்களுக்கான சொற்கள். பம்ப்செட், டிராக்டர், ரைஸ்மில் ஆட்கள் வாயிலிருந்து. இப்போது என் மேஜையில் கத்துவது எதுவென்று எனக்கே தெரியவில்லை. நல்ல ஆராய்ச்சி.

கையெழுத்து நோட்டுகள் பதினொன்று இருந்தன. எல்லாம் டைப் செய்தாயிற்றே என்று போன மாதம் போகியில் போட்டேன். நன்றாகத்தான் எரிந்தன.

வாங்க: கோலமாவு, இஞ்சி, சிவப்புப் பேனா (9-பி பரீட்சைத் தாள்).

பிப்ரவரி 4, புதன்

செங்கம் ரோடு கம்ப்யூட்டர் கடை. செந்தில் கழற்றிக் காட்டினான். உள்ளே இருக்கும் சின்ன விசிறியில் விபூதி, காய்ந்த சந்தனம், குங்குமம்.

"ஆயுத பூஜைக்குக் காத்துப் போற ஓட்டையிலயா மேடம் பொட்டு வைப்பீங்க?"

வருடா வருடம் அங்கேதான் வைத்தேன். மற்ற இடமெல்லாம் எழுத்து, அதன்மேல் வைக்க மனசு வரவில்லை.

பிரஷ், ஒரு சொட்டு எண்ணெய். கொரகொர போயிற்று. "எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வச்சிக்கங்க மேடம்." தலையாட்டினேன். சந்தோஷம். வரும் வழியில் இரண்டு முழம் மல்லி.

பிப்ரவரி 5, வியாழன்

விசிறி அடங்கியதும் வேறு ஒரு சத்தம். டிக். கொஞ்சம் விட்டு, டிக் டிக். புதிதாக வந்ததா, முன்பே இருந்து விசிறி இரைச்சலில் கேட்காமல் போனதா?

செந்தில் கடை பூட்டு. மச்சான் கல்யாணம், திங்கள்தான் வருவானாம். கீழ்பென்னாத்தூர் காதர் பாய்க்குப் போன் போட்டேன். பம்ப்செட் மெக்கானிக். ஆராய்ச்சியில் பாதிச் சொற்கள் அவர் கொடுத்தவை.

"கம்ப்யூட்டர் நமக்குத் தெரியாதும்மா. சத்தம் தெரியும். சனிக்கிழம வேங்கிக்கால்ல ஒரு வேல இருக்குது, அப்படியே வந்துட்டுப் போறேன்."

பிப்ரவரி 6, வெள்ளி

டிக் ஜாஸ்தி. ஒரு பக்கம் திறக்க எட்டு நிமிடம். வகுப்பில் இரண்டு தடவை பெயர் மாற்றிக் கூப்பிட்டேன். சாந்தி டீச்சர் பென் டிரைவ் தருகிறாள், நாளைக் காலை கொடுத்தனுப்புவாள்.

என் வீட்டுக்காரர்: "ஒரு மெஷினுக்கா இப்படி மூஞ்சத் தூக்கி வச்சினு இருக்க?"

பிப்ரவரி 7, சனி

9.10. காதர் பாய் வந்தார். ஸ்க்ரூடிரைவர் நுனி லேப்டாப்மேல், பிடி அவர் காதில். மோட்டாருக்குப் பார்ப்பதுபோலவே. கண்ணை மூடிக்கொண்டு மெல்ல நகர்த்தினார். இடது மூலையில் நிறுத்தினார்.

"மேல கத்தினு இருந்த விசிறி சும்மாம்மா. இதான். எழுந்துக்கப் பாக்குது, முடியல. எடுக்க வேண்டியத இப்பவே எடுத்துடுங்க. நின்னா மறுபடி கிளம்பாது."

பென் டிரைவ் கையில். வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்தார். "பத்தரை வரைக்கும் ராகு காலம். ஆறு வருஷம் பொறுத்த, ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டியா?"

அவர் சொன்னதால் நிறுத்தினேன் என்று எழுதினால் பொய். எனக்கும் மனசு ஒப்பவில்லை. தினப்படி கரண்ட் கட் பன்னிரண்டுக்குத்தானே என்று கணக்குப் போட்டேன். கா.பா. டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

10.00. கரண்ட் போயிற்று. இந்த மாதம் நேரம் மாறிவிட்டதாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

12.05. வந்தது. கறுப்புத் திரை. டிக் டிக் டிக்.

1.30. டிக்கும் இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பௌர்ணமிக் கூட்டம். தெருவெல்லாம் கிரிவலம் போகிறவர்கள், ஊதல், மைக். சமைக்கவில்லை. வீட்டுக்காரர் இட்லி வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 9, திங்கள்

செந்தில்: "டிஸ்க் போயிடுச்சு மேடம். சென்னையில கேட்டுப் பாக்கலாம். நம்பிக்க வைக்காதீங்க."

கைடுக்குப் போன். "கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா தேதி தேதிதான்."

9-பி தாள்கள் திருத்தவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

புது நோட்டு. கா.பா. போன் செய்தார். "எங்கிட்ட வாங்கினதெல்லாம் மறுபடி சொல்றேன், எழுதிக்கங்க." அழுகை வந்துவிட்டது.

அவர் இருக்கிறார், சொல்வார். ரைஸ்மில் முருகேசன் போன ஐப்பசியில் தவறிவிட்டார். அவரிடம் வாங்கியவற்றில் எனக்கு நினைவில் நிற்பது ஏழு. பெல்ட் நழுவும்போது வரும் சத்தத்துக்கு ஒரு சொல் வைத்திருந்தார். வேறு யார் வாயிலும் கேட்டதில்லை. எண் 8 என்று போட்டுவிட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மில் வாசலில் நிற்கிறார். தோளில் துண்டு, புருவத்தில் தவிடு. கன்னத்தை உப்பிக்கொண்டு வாயைக் குவிக்கிறார். சொல்கிறார், சிரிக்கிறார், எனக்காக இன்னொரு தடவை சொல்கிறார். எல்லாம் தெரிகிறது. கேட்கவில்லை.