இடது மூலைக்குப் போகாத பந்து

சூரமங்கலம், சேலம்
9-1-1938

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். சமையலுக்கு வரும் சாலம்மாளுக்குக் கால்வீக்கம். ஒரு வாரமாக என் சமையலை நானே பொறுத்துக்கொள்கிறேன்.

22ஆம் தேதி உங்கள் கோவைக் கல்லூரி இங்கே ஹாக்கி ஆட வருகிறதென்று எங்கள் பள்ளிக்கூட வாசலிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். சேலத்துப் பையன்களை நம்பி ஏழு வருஷமாகக் குடை பிடித்து உட்காருகிறேன். போன மாதம் ரயில்வே குமாஸ்தாக்களிடம் ஐந்து கோல் வாங்கினார்கள். அந்தக் குமாஸ்தாக்களில் ஒருவர் மட்டையைப் பாதி நேரம் ஊன்றுகோலாக வைத்திருந்தார். ஆனால் உங்கள் பையன்களைக் கண்டால் மட்டும் இவர்கள் சாமி வந்ததுபோல் ஆடி ஜெயித்துவிடுகிறார்கள். நானும் கைதட்டுகிறேன். நீங்கள் உங்கள் பையன்களைக் கூட்டிக்கொண்டு நேரே ஜங்ஷனுக்குப் போய்விடுகிறீர்கள். அங்கிருந்து நம் வீடு இரண்டு தெரு.

நீங்கள் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு ஹாக்கி கற்றுக்கொடுக்கப் போனபோது, உங்கள் அண்ணன் எதிரில், கட்டின பெண்டாட்டி நானே "பந்து பொறுக்குற உத்தியோகம்" என்றது நினைவிருக்கிறது. "சேலத்துல ஜெயிச்சு, கோப்பையோடதான் இந்த ஊட்டுக்கு வருவேன்" என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது.

ஆகையால் ஒன்று எழுதுகிறேன். எங்கள் கோல்கீப்பர் ஆட்டையாம்பட்டி வேலுசாமிக்கு இடது கண் தெரியாது. அம்மையில் போனது. அவன் தங்கை என் மாணவி. அவளை அழைத்துப்போக வந்தவன் கதவில் இடித்துக்கொண்டான். கேட்டதற்கு, "ஆருகிட்டயும் சொல்லிராதீங்க டீச்சரம்மா, தெரிஞ்சா கோலுல நிக்க உடமாட்டாங்க" என்றான்.

இந்த வருஷம் நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

பூவாத்தாள்


சூரமங்கலம்
24-1-1938

அன்புள்ள மாமாவுக்கு,

என் கடிதம் கிடைக்கவில்லையா? வேலுசாமியின் இடது மூலைக்கு ஒரு பந்துகூடப் போகவில்லை. உங்கள் பையன் ஒருவன் அந்தப் பக்கம் மட்டையை ஓங்கினபோதும் நீங்கள் கோட்டோரம் ஓடி, "அங்க வேண்டாம், இந்தப் பக்கம்" என்று கத்தினீர்கள். என் பின்னால் இருந்தவர், "ஏனுங்க, கோயமுத்தூர் வாத்தியாருக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கறதே தெரியாதாட்ட இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று இவர்களே ஜெயித்தார்கள். இந்த முறை என்னால் கைதட்ட முடியவில்லை. வண்டி போகிற வரைக்கும் சோற்றை மூடிவைத்திருந்தேன்.

பூவாத்தாள்


கோயமுத்தூர்
29-1-1938

அன்புள்ள பூவாவுக்கு,

முதல் கடிதம் அப்போதே கிடைத்தது. மூன்று தரம் படித்தேன். எங்கள் பையன், "சார், அந்தக் கீப்பர் எப்படிங்க?" என்று கேட்டான். நல்ல கீப்பர் என்றேன்.

தெரிந்த பிறகு அந்தப் பக்கம் போகிற ஒவ்வொரு பந்தையும் நானே அடித்ததுபோல் ஆகியிருக்கும். அந்தப் பிள்ளை உன்னை நம்பிச் சொன்னது அது. அப்படி வாங்கின கோப்பையோடு நம் வீட்டில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவேன்?

நீ எதற்காக எழுதினாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஜெயிக்காமல் எப்படி வருவதென்றுதான் தெரியவில்லை. சாலம்மாளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

சென்னிமலை


சூரமங்கலம்
4-2-1938

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் வேலுசாமியைக் கூப்பிட்டு, நான் சொல்லிவிட்டதையும் நீங்கள் செய்ததையும் சொன்னேன். தலை குனிந்து நின்றான். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அதனாலதான் அந்தப் பக்கம் ஒண்ணுகூட வல்லீங்களா? நான் நல்லா ஆடுனேன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றான். பிறகு தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்த முகத்தை நான் முன்பே ஒரு தரம் பார்த்திருக்கிறேன். உங்கள் அண்ணன் எதிரில் அன்று அப்படித்தான் நின்றீர்கள். இத்தனை நாளும் அதைக் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று நான் சொன்னது தப்பு. ஏழு வருஷம் நீங்கள் ஜெயிப்பதற்காகக் காத்திருந்தேனே தவிர, இதை ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

கோப்பை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நீங்கள் வருவதற்கு வழி தேட வேண்டாம். 12ஆம் தேதி காலை வண்டியில் நானே வருகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். உங்கள் ஜாகை எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. எல்லாக் கடிதமும் கல்லூரி விலாசத்துக்கே எழுதிப் பழகிவிட்டது. முடிந்தால் ஸ்டேஷனுக்கு வாருங்கள். வராவிட்டால், மைதானம் எங்கே என்று விசாரித்து வந்துவிடுவேன்.

உங்கள்
பூவாத்தாள்