இடது தோள்

ஜூன் 3

தலைமைப் பயிற்சியாளர் இன்றும் ‘சந்து’ வைத்தார். இரண்டு வரிசை மெத்தைப் பைகளுக்கு நடுவே இரு பையன்கள் எதிரெதிரே ஓடிவந்து மோத வேண்டும். விழாதவனுக்கு அணியில் இடம். இதுதான் ரக்பியாம். கிடாச் சண்டைக்கு விசில் எதற்கு?

இந்த அணியில் என் வேலை தனித்திறன் பயிற்சி. ஒவ்வொருவனையும் தனியே நிறுத்தி, பந்தோடு ஓடிவருபவனைத் தோளால் மடக்கும்போது தலை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லித்தருவது. உடலியக்கவியல் படித்தவளுக்கு மைதானத்தின் ஒரு மூலை, கிழிந்த மெத்தைப் பை ஒன்று.

“மேடம், உங்க பாடம் கரும்பலகைக்குச் சரி. புல்லுல எடுபடாது” என்றார் புல்டோசர். தலைமைப் பயிற்சியாளருக்குப் பையன்கள் வைத்த பெயர். அவருக்கு அதில் பெருமை வேறு.

ஜூன் 9

அணியில் இருக்கும் என் அக்கா மகன் எல்லோரையும் வலது தோளாலேயே மடக்குகிறான். ஆள் இடப்பக்கம் ஓடினாலும் குறுக்கே பாய்ந்து அதே வலது தோள். அப்போது இவன் தலை ஓடுகிறவனுக்கு முன்னால் போய்விடுகிறது. கழுத்து முறிய வேறென்ன வேண்டும்?

மண்டியிட்டு, இடது தோளால் பையைத் தள்ளச் சொன்னேன்.

“சித்தி, பசங்க சிரிக்கிறாங்க.”

சிரிக்கட்டும்.

ஜூன் 10

அவன் மோதும் வீடியோவை அக்கா குடும்ப வாட்ஸப்பில் போட்டிருக்கிறாள். தலை முன்னால். கீழே கைதட்டல் மழை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 17

நடந்தேவிட்டது. சந்துக்குள் எதிராளி இடப்பக்கம் சாய்ந்தான், இவன் வலது தோளோடு பாய்ந்தான், அவன் முழங்கால் இவன் நெற்றிப்பொட்டில். எழுந்து, “ஸ்கோர் என்ன?” என்றான். பயிற்சிக்கு ஏது ஸ்கோர்? எல்லோரும் சிரித்தார்கள் — புல்டோசரும்! “தண்ணி குடிச்சிட்டு வாடா சிங்கம், அடுத்த ரவுண்டு.”

மனுஷனா இந்த ஆள்? பையன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூளை அதிர்ச்சி என்றார் மருத்துவர். அவர் சொல்லும்வரை மைதானப் பக்கமே போகக் கூடாது.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். “அரையிறுதிக்குள்ள சரியாயிடுமா?” என்றாள். பிறகு, “நீ பயமுறுத்தியே அவனைக் கெடுத்துட்டடி.” பெற்றவள் பேசுகிற பேச்சா?

ஜூலை 8

மருத்துவர் ஆடலாம் என்றுவிட்டார். இடது தோள் இன்னும் அவனுக்கு இரவல் சட்டை மாதிரிதான்.

ஜூலை 19

அரையிறுதியில் தோற்றோம்.

கடைசி நிமிடத்தில் எதிரணி ஆள் பந்தோடு இடப்பக்கம் வந்தான். இவன் இடது தோளைக் கொடுத்தான். தலை பின்னால், ஒழுங்காக. கை மட்டும் அவனைச் சுற்றிப் பூட்டவில்லை. எதிராளி நழுவி, கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தான்.

“பொம்பள சொல்லிக்குடுத்தா இப்படித்தான்” என்றார் புல்டோசர், என் காதில் விழும்படி. அக்கா என்னைப் பார்க்காமலே காரில் ஏறினாள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

ஆனால் எதிராளி நழுவிய கணத்தில் என் வாயில் வந்தது என்ன? “சே, வலது தோளைப் போட்டிருக்கலாமே!” — நான்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். அந்தச் சொல் போகவில்லை. நானும் அந்தக் கூட்டம்தானா?

ஜூலை 22

யாரும் வரமாட்டார்கள் என்றுதான் பையோடு மூலையில் நின்றேன். வந்தான். சொல்லாமலே மண்டியிட்டான்.

“சித்தி, தலை சரியா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப இன்னைக்குக் கை.”