லுவாங்வாவில் இரண்டு கூடாரம்

மார்ச் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். முதுகு வலி, பூசைக்குப் போகவில்லை.

மகள் நிரோ ஹனோவரிலிருந்து வந்தாள். கூடவே அந்த ஜோனாஸ். கிறிஸ்மஸுக்கு முதல் தரம் கூட்டி வந்தபோது "தெரிஞ்சவர்" என்றாள். இப்போது கல்யாணம் பற்றி யோசிக்கிறார்களாம். நான் ஓம் சொல்லவில்லை. வௌவால் எண்ணுவது ஓர் உத்தியோகமா? அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள். கால் சப்பாத்தில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி உறை. என்னை "மாமா" என்கிறான். யாருக்கு மாமா?

இன்றைய அறிவிப்பு: செப்டெம்பரில் நாலு பேருமாக ஆப்பிரிக்கா. எங்களை வளைத்துப் போட இவனுடைய திட்டம். கென்யா வேண்டாமாம், அங்கே எல்லாரும் போகிறார்களாம். சாம்பியா, வடக்கு லுவாங்வா. ரோடு இல்லை, போன் இல்லை, சிங்கம் திரிகிற காட்டில் கால்நடையாக. யாரும் போகாத இடம் என்று மூன்று தரம் சொன்னான். ஏன் யாரும் போவதில்லை என்று ஒரு தரமாவது யோசித்திருக்கலாம்.

என் மனைவி ரஞ்சி உடனே, "எனக்கு யானை பாக்க விருப்பம்." மன்னார் ரோட்டில் யானை நின்றதற்கு பஸ்ஸுக்குள் செபமாலை முழுவதும் சொல்லி முடித்த மனுசி.

மார்ச் 3, திங்கள்

வேலை. சாமான் கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் பழுது, ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன்.

பழைய சிநேகிதர் குணம் அண்ணை போன் எடுத்தார். செய்தி அதற்குள் அங்கே போய்விட்டது. இவர் கென்யா போய் வந்தவர். ஒரு சிங்கத்தின் பின்பக்கத்தை வளைத்து வளைத்துப் படம் பிடித்து, மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு மண்டபத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டியவர்.

"தம்பி, அங்க சோறு கிடைக்காது. ரைஸ் குக்கரைக் கொண்டுபோ."

"அண்ணை, அங்க கரன்ட் இல்லை."

"அப்ப என்னத்துக்குப் போறியள்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார்.

ரஞ்சியின் பட்டியல் (ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மெத்தென்ற பையில்):
மிளகாய்த்தூள்
ஓடிக்கொலோன்
செபமாலை
கம்பளிச் சட்டை 3
நெத்தலிக் கருவாடு. சிங்கத்துக்கு விலாசம் கொடுக்க.

மார்ச் 5, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வீடியோ அழைப்பு. சுற்றுலா நிறுவனப் பெண் விடாமல் சிரித்தாள். என் நெற்றியைப் பார்த்தும் சிரித்தாள். அந்த முகாமில் மொத்தமே மூன்று கூடாரம். ஒன்று போய்விட்டது. மிச்சம் இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டில். ஒன்பது இரவு.

படிவம் என் மூலமாகத்தான் போகும் என்று சொல்லிவிட்டேன். இந்த ஊர்த் தமிழரில் பாதிப் பேருக்கு அரசாங்க அன்ட்ராக் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். சொந்தப் பிள்ளையின் பிறந்த தேதி தெரியாமல் முழித்த தகப்பன்மாரை இந்த மேசையில் பார்த்திருக்கிறேன். என்ன சனமோ.

பிறகு நிரோவுக்குப் போனில்: "அம்மாவும் நீயும் ஒரு கூடாரம். கல்யாணத்துக்கு முன்னம் வேற கதை இல்லை."

"சரி அப்பா."

பிள்ளை சொல் கேட்கிறது. நல்ல வளர்ப்பு.

மார்ச் 6, வியாழன்

எஸ்-பான் ரயிலில் நிற்கும்போதுதான் உறைத்தது. மற்றக் கூடாரத்தில் நானும் அவனும். ஒன்பது இரவு.

ரஞ்சியிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "நீங்கள்தானே பிரிச்சனீங்கள்."

மார்ச் 8, சனி

வெயில், ஆனால் குளிர். ஹவுப்ட்பான்ஹோஃப் ரயில் ஸ்டேஷன் பக்கத்துத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாடல். வாங்கவில்லை.

காட்டுக்குப் போவது சின்ன விமானம். எல்லாருடைய நிறையும் படிவத்தில் எழுத வேண்டும். ரஞ்சி 62 என்றாள். கல்யாணத்தன்று இருந்த நிறை. தராசில் ஏற மறுப்பு. நான் ஏறினேன், 91. விமானம் விழுந்தாலும் பரவாயில்லை, ஜோனாஸ் பார்க்கக்கூடாது என்று 84 எழுதினேன். பிறகு வெட்டித் திருத்தினேன்.

மார்ச் 9, ஞாயிறு

படிவத்துக்கு நிரோவும் ஜோனாஸும் விவரம் அனுப்பினார்கள். ஜோனாஸ்: பெயர், கடவுச்சீட்டு இலக்கம், ஹனோவர் விலாசம், தெரு, 14ஆம் இலக்கம், மூன்றாம் மாடி. நிரோ: அதே தெரு, அதே 14, அதே மூன்றாம் மாடி.

அவசரத்தில் அவனுடையதைப் பார்த்து எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் இருப்பது அன்னா என்கிற ஜெர்மன் பிள்ளையோடு, வேறு பக்கம். "உன்ரை மகளுக்கு ஒரு விலாசம்கூட ஒழுங்கா எழுதத் தெரியாது" என்று குசினியைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

ரஞ்சி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"ஒழுங்காத்தான் எழுதியிருக்கிறாள்."

இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அன்னா என்று ஒருத்தி கிடையாது. ஒவ்வொரு கிழமையும் போனில் "அன்னா சுகமோ?" என்று கேட்டிருக்கிறேன். அன்னாவுக்கு என்று கட்டிக் கொடுத்த பயற்றம் பணியாரம் எல்லாம் தின்றது இவன். ரஞ்சி அந்த வீட்டுக்குப் போய் வருகிறாளாம். அவளுக்கு அங்கே செருப்புக்கூட இருக்கிறதாம்.

சாப்பிடவில்லை. தவக்காலம் என்று சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

இடைவேளையில் கிட்டங்கிக்கு வெளியே நின்று நிரோவுக்குப் போன். ஏசுவதற்கு வேண்டியதெல்லாம் தயார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எழுதி அனுப்பினன்தானே அப்பா. நீங்கள்தான் வாசிப்பீங்கள் எண்டு தெரியும்."

"ரெண்டு வருசம் கழிச்சோ?"

அதற்கு அவள், "குணம் மாமான்ரை மூத்தவள் அந்தப் போலந்துப் பெடியனோட இருந்தவளெல்லே? நீங்கள் சாப்பாட்டு மேசையில அவளைப் பற்றிக் கதைச்சதெல்லாம் நான் கேட்டுக்கொண்டு இருந்தனான். அவள் வீட்டுக்கு வந்தா நல்லாச் சிரிச்சுக் கதைப்பீங்கள். போன பிறகு அப்பிடி. என்னைப் பற்றியும் அப்பிடிக் கதைப்பீங்கள் எண்டு பயம்."

அப்படியில்லை என்று சொல்லாமல், வேலை மணி அடித்ததாகச் சொல்லி வைத்துவிட்டேன். அடிக்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. அவள்மேல் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. குணம் அண்ணையின் அந்தப் பிள்ளையைப் பற்றி என்ன சொன்னேன் என்று யோசித்தேன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 12, புதன்

மழை. சுற்றுலா நிறுவனச் சிரிப்புக்காரியிடமிருந்து மின்னஞ்சல்: எந்தக் கூடாரத்தில் யார் என்று வெள்ளிக்குள் தர வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும்.

படிவத்தை நிரோவுக்கு அனுப்பினேன், கூடாரப் பகுதியை வெறுமையாக விட்டு. "நீயே நிரப்பு. உன்ரை விருப்பம்." இதை எழுத அரை மணி நேரம்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. முதலாவது: அம்மா, நிரோ. இரண்டாவது: அப்பா, ஜோனாஸ். கீழே, "உங்களுக்குக் கரைச்சல் இல்லாத மாதிரிப் போட்டிருக்கிறன்."

என் சொல்லை நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டு பெயரை அழித்து மாற்றி எழுதினேன். முதலாவது: ரஞ்சி, நான். இரண்டாவது: நிரோ, ஜோனாஸ். நிறுவனத்துக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று அனுப்பினேன். பார்த்துவிட்டாள், போனில் சரி அடையாளம் நீலமாகிவிட்டது.

போனை மேசையில் எனக்கு முன்னால் வைத்திருக்கிறேன். குசினியில் ரஞ்சியின் போன் அடிக்கிறது. எடுத்து, "ஓம் பிள்ளை" என்று கதவைச் சாத்துகிறாள்.