மேல் தட்டுக்கு ஏறிய புத்தகங்கள்

திருக்கழுக்குன்றம்,
புதன்

அன்பு மகன் தமிழ்வாணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் பாத்திரக் கடையும் சுகம், அந்தத் தாளவாடி மலைக் குளிரில் நீயும் உன் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும். மாமல்லபுரம் ஓட்டலுக்கு வாளி, குவளை ஏற்றிக்கொண்டு நைனா காலையிலேயே போய்விட்டார், கல்லாவில் உட்கார்ந்தே எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை கல்வி அதிகாரியோடு நீ வகுப்புக்குள் நுழைந்தபோது, தானாகப் புத்தகம் எடுத்து, தன் இடத்தில் உட்கார்ந்து படித்து, நோட்டில் எழுத வேண்டிய பிள்ளைகள், புத்தகம் எங்கே சார் என்று உன்னைச் சுற்றிக் கத்தினார்கள், அடுத்த திங்களும் இப்படி என்றால் பழையபடி எல்லாரும் கூட்டமாக ஒப்பிக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார், வகுப்பைப் பெருக்க வரும் துர்காதேவிதான் புத்தகத்தை மேல் தட்டில் ஏற்றினாள் என்று பிள்ளைகள் முன்னாலேயே அவளைத் திட்டினேன் என்றாய். தமிழு, ஏற்றியது அவள் இல்லை, நான். போனில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தத் திங்களுக்கு முந்தின நாள் உன்னைப் பார்க்க வந்தபோது, வகுப்பைப் பார்த்துவிட்டு வா என்று சாவி கொடுத்தாயே, அப்போதுதான். புதுப் புத்தகமெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தது, பிள்ளைகள் கிழித்தால் உன்னைத்தானே கேட்பார்கள் என்று பயந்து அளவு வாரியாக மேலே அடுக்கினேன், நீ பார்த்து மெச்சிக்கொள்வாய் என்று சொல்லாமலே பஸ் ஏறினேன். என் கடையில் பிள்ளைகள் கேட்கும் டிபன் பாக்ஸை முழங்கால் உயரத்தில் வைக்கிறவள் நான், கைக்கு எட்டினால்தான் பிள்ளை எடுக்கும், அந்தப் புத்தி அங்கே எங்கே போனதோ. உன் நைனா, இன்னா வசந்தா, அது இன்னா பித்தளை அண்டாவா, பரண்ல ஏத்திட்டு வந்துகீற என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் தானாக உட்கார்ந்து படிக்க முதல் வாரம் மூன்று நிமிடம், அப்புறம் ஐந்து என்று ஒன்றரை மாதம் பழக்கிப் பதினைந்துக்குக் கொண்டுவந்தாய், நான் அரை மணியில் கலைத்தேன். திங்களுக்குள் அந்தப் பழக்கம் திரும்ப வேண்டும். எடுத்த எடுப்பில் பதினைந்து கேட்காதே, ஐந்திலிருந்து ஏற்று.

அதைவிட, செய்யாத தப்புக்குத் துர்காதேவி திட்டு வாங்கினாளே, அதுதான் அறுக்கிறது. பிள்ளைகள் முன்னால் திட்டினாய், பிள்ளைகள் முன்னாலேயே மன்னிப்புக் கேள், சார் என்ற கௌரவம் பார்க்காதே. கீழே அவளுக்கு நாலு வரி பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதை நீ படித்துக் காட்டாதே. யார் உதவியும் இல்லாமல் வாசிக்கிறாள் என்று பெருமைப்பட்டாயே அனு, அந்தப் பிள்ளை எழுந்து நின்று வாசிக்கட்டும். வேதகிரீஸ்வரர் உன்னையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே.

உன் அம்மா,
வசந்தா

துர்காதேவி,
புத்தகத்தை மேலே வைத்தது நான்.
நீ இல்லை.
உனக்குக் கிடைத்த திட்டு என்னுடையது.
வசந்தா