நேந்திரம் பொடியில் ஒரு கம்பி

இன்று காலை கடைக்குப் புதிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைச்சுருள் வந்தது. மேல்தாளைக் கிழித்ததும் நெசவு எண்ணெயின் வாடை அடித்தது. சாலைக் கடைவீதியில் நாம் சேர்ந்து கடை நடத்திய பதினோரு வருடமும் சுருளைப் பிரிப்பவள் நீதான். போன மழைக்காலத்தில் நீ இறந்ததிலிருந்து நான் பிரிக்கிறேன்.

நெடுமங்காட்டுப் பெண்களின் நேந்திரம் பொடி ஆலை நினைவுக்கு வந்தது. நேந்திரங்காயை உலர்த்தி அரைத்து, கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் பொடி. நீ ஊருக்குப் போயிருந்த நாளில் சலிப்பு இயந்திரத்துக்கு வலை கேட்டு வந்தார்கள். பொடி வேகமாக விழ வேண்டும் என்றார்கள். அங்குலத்துக்கு அதே எண்ணிக்கைக் கண்கள், ஆனால் கம்பி மெல்லியது. அப்படியென்றால் கண் அகலும், பொடி சீக்கிரம் இறங்கும். அதையே வெட்டிக் கொடுத்தேன். நாள் முழுக்கக் குலுங்கும் இயந்திரத்தில் அந்தக் கம்பி தாங்குமா என்று யோசிக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஆலையின் தலைவி போன் செய்தார்.

"சேச்சி, வலையில நகம் அளவுக்குக் கிழிஞ்சிருக்கு."

"மெஷினை நிறுத்துங்க. ஒரு பாக்கெட்டும் வெளிய போகண்டாம்," என்றாய். "தப்பு எங்க கடையோடது. இப்பவே வாறோம்."

என் பெயரை நீ சொல்லவில்லை. பஸ்ஸில் நான் அழுதேன்.

"எட்டி, இப்பம் தேடணும். அழுகை பிறகு," என்றாய்.

காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்றார் தலைவி. இந்த எஃகைக் காந்தம் நம்பும்படி பிடிக்காது என்றாய். மறுபடி சலித்தாலும் கம்பி நெட்டுக்குத்தாக நழுவிவிடும். லென்ஸ் வைத்துக் கிழிசலின் ஓரத்தை எண்ணினாய். ஆறு கம்பித் துண்டுகளைக் காணோம். பொடியைத் தட்டுத் தட்டாக வெயிலில் பரப்பி, மின்னுவது எதுவென்று எல்லோரும் குனிந்து தேடினோம். மாலைக்குள் ஐந்து கிடைத்தன.

முந்தைய நாள் பாக்கெட்டுகள் கடைகளுக்குப் போயிருந்தன. மறுநாள் நீயும் நானும் தலைவியும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். ஒன்றுகூட விற்றிருக்கவில்லை என்று கடைசிக் கடைக்காரர் சொன்னபோதுதான் மூச்சு வந்தது. வட்டியூர்க்காவு மருந்துக்கடையிலிருந்து எடுத்த பாக்கெட்டில் ஆறாவது இருந்தது. கண்ணிமை முடியைவிடச் சிறியது. ஆறையும் வெள்ளைத்தாளில் கிழிசலோடு பொருத்திப் பார்த்தாய். பொருந்தின.

பிறகு தடித்த கம்பி வலையை நீயே மாட்டினாய். "பொடி மெதுவாத்தான் விழும், கேட்டீங்களா?" என்றாய். "விழட்டும் சேச்சி," என்றார் தலைவி. இன்றுவரை நம்மிடம்தான் வாங்குகிறார்.

போன வாரம் ஒரு தேங்காயெண்ணெய் ஆலைக்கு அனுப்பிய வடிகட்டி வலையை அளவு மாற்றி வெட்டியிருந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. சரியான வலையை வெட்டிச் சுருட்டிக்கொண்டு நேரே போனேன். ஆலைக்காரர் வியந்தார்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே!"

"எனக்குத் தெரியுமே," என்று சொல்லி, வலையை மாற்ற அவரிடமிருந்து ஸ்பானரை வாங்கினேன்.